வெள்ளகவி வழியில் ஒரு தகரப் பெட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் இருமல் மிட்டாய் வைத்திருந்த பெட்டி. மூடியில் இருந்த பிரெஞ்சு எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. உள்ளே ஏழு உலோகத் துண்டுகள். சில வெள்ளி நிறம், சில செம்பு நிறம், ஒன்று ஈயத்தில் வார்த்து மீன் போலச் சீவியது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தூண்டில் முள். பனிக்கட்டியாக உறைந்த ஏரியில் துளை போட்டு, அந்தத் துளை வழியாக இறக்கி மீனை ஏமாற்றிப் பிடிக்கும் பொய் இரைகள் இவை.

"கொடைக்கானல் மலைக்கும் உறைந்த ஏரிக்கும் என்ன ஓய் சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் நாற்பது வருஷமாக அதைத்தான் கேட்கிறாள். வயது எழுபத்தைந்தை எட்டிவிட்டது. எழுதி வைத்துவிடலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு அந்த மொழியில் அசையாத நம்பிக்கை. ஆனால் எனக்கு வேலை கிடைத்தது தமிழ்நாடு அரசில், இளநிலை உதவியாளராக. அங்கே பிரெஞ்சு யாருக்கு வேண்டும்? 1976இல் கொடைக்கானலில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றல். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். என் ஆங்கிலக் குறிப்புகளைப் பார்த்து மேலதிகாரி சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். சக ஊழியர்கள் எனக்கு வைத்த பெயர் "துரை". படித்த படிப்பு ஒன்றுக்கும் உதவாது என்று நானே முடிவு கட்டியிருந்த நேரம் அது.

அப்போதுதான் அந்தப் பாதிரியாரைச் சந்தித்தேன். கனடாவில் கியூபெக் மாகாணத்துக்காரர். டார்ஜிலிங் பக்கம் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் பணியாற்றிவிட்டு, உடல்நிலை சரியில்லாமல் ஓய்வுக்காகக் கோடைமலைக்கு வந்திருந்தார். செண்பகனூரில் பிரெஞ்சு சேசு சபையார் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதுரை மிஷனே பிரெஞ்சுக்காரர்கள் நடத்தியதுதான். ஆனால் நான் போன காலத்தில் அந்தத் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மனம்விட்டுப் பிரெஞ்சு பேச அவருக்கு ஆள் இல்லை. தபால் நிலைய வரிசையில் நான் "மோன் பேர்" என்று கூப்பிட்டதும் மனிதர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. 'என் தந்தையே' என்று பொருள். அவ்வளவுதான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இருவரும் சேர்ந்து நடந்தோம்.

ஒரு சனிக்கிழமை வெள்ளகவி போகலாம் என்றார். வட்டக்கானலில் இருந்து டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி இறங்கும் ஒற்றையடிப் பாதை. கீழே கும்பக்கரையில் இருந்து ஏறினாலும் வெள்ளகவி வழியாகத்தான் கோடைக்கு வர வேண்டும். இப்போது பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாக ஏறுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். அந்த மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வண்டிகளுக்குத் திறந்தது. 1821இல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற நில அளவை அதிகாரி வராககிரி மலைகளை, அதாவது நம் பழனி மலைகளை, அளக்க வந்தபோது தங்கி வேலை பார்த்தது வெள்ளகவியில்தான். அங்கிருந்துதான் மேலே ஏறிக் கோடைக்கானலைப் பார்த்தார். கோடைக்கானலில் வெள்ளைக்காரர் வீடு ஒன்றுகூட இல்லாத காலத்திலேயே வெள்ளகவி ஓர் ஊர். அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டியது 1845இல். ஆட்சியர் வியர் லெவிஞ்ச் ஓடையை மறித்து நட்சத்திர வடிவ ஏரியை உண்டாக்கியது 1863இல். வார்டின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு வழி காட்டியவர், மூட்டை சுமந்தவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் இது எனக்கு உறுத்தும்.

ஊர் எல்லையில் ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார். "செருப்பக் கழட்டிருங்க சாமி. ஊருக்குள்ள யாரும் போடுறதில்ல." ஊரே கோயில் என்பது அவர்கள் கணக்கு. பாதிரியார் ஒரு வார்த்தை பேசாமல் பூட்ஸைக் கழற்றிக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு செய்கையிலேயே பெரியவருக்கு அவரைப் பிடித்துவிட்டது. காபி கொடுத்து உபசரித்தார். ஊரைத் தாண்டி ஒரு மடு இருக்கிறது, மீன் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாதிரியார் பையில் இருந்து தகரப் பெட்டியை எடுத்தார். நான் அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மடுவின் விளிம்புப் பாறையில் உட்கார்ந்து நைலான் நரம்பில் ஒரு வெள்ளித் துண்டைக் கட்டினார். நேராகக் கீழே இறக்கினார். பிறகு கையை மேலே தூக்குவதும் தாழ்த்துவதுமாக இருந்தார். "இதற்கு எங்கள் மொழியில் தாந்தினெட் என்று பெயர்" என்றார். வாத்து இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்குமே, அந்த நடைக்கான சொல்லில் இருந்து பிறந்த பெயர். பள்ளியில் பத்து வருஷம் படித்தும் அந்தச் சொல் எனக்குத் தெரியாது! அவர் ஊரில் உறைந்த ஆற்றின் மேல் மரக்குடிசைகளை இழுத்துக்கொண்டு போய் வைத்து, தரையில் துளை போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து மீன் பிடிப்பார்களாம். அதற்கு 'வெள்ளை மீன்பிடி' என்று பெயராம். வெள்ளகவியில் உட்கார்ந்து வெள்ளை மீன்பிடியைக் கேட்டோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேன். பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஆறு கல்லாப் போயிருமா? அது மேல வீடு வைப்பாகளா?" என்று கேட்டுவிட்டு, நான் கதை அளக்கிறேன் என்ற முடிவுக்கு வந்தார்.

ஒரு மணி நேரம் ஆகியும் மீன் எதுவும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த பெரியவர் சொன்னார்: "சாமி கை ஓயாம ஆடுது. ஆடுனா மீனு பாக்கும். கை நின்னாத்தான் கவ்வும்."

நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். பாதிரியார் நரம்பைப் பிடித்தபடியே சற்று நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "என் தாத்தா இதையேதான் சொல்வார். வயதானதில் மறந்துவிட்டேன்" என்றார். உறைந்த ஏரியையே பார்த்திராத ஒருவர், அந்தத் தொழிலின் அடிப்படைப் பாடத்தைச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகும் மீன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முள் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முங்கி எடுத்துக் கொடுத்தார். பாதிரியார் ரூபாய் நீட்டினார். வாங்கவில்லை. "அந்த முள்ளுல ஒண்ணு கொடுங்க, போதும்" என்றார். பெட்டியில் எட்டுத் துண்டுகள் இருந்தன. அன்று ஏழாயின.

எலும்பு முதல் கரண்டி வரை

இனி இந்தப் பொய் இரையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் எலும்பிலும், மான் கொம்பிலும், வால்ரஸ் தந்தத்திலும் சிறு மீன் உருவங்களைச் செதுக்கிப் பனித்துளை வழியே ஆட்டி மீனை வரவழைத்தார்கள். அட்லாண்டிக் கடலில் காட் மீன் பிடித்தவர்கள் ஈயத்தில் மீன் வடிவம் வார்த்து, முள் பொருத்தி, ஆழத்தில் இறக்கித் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். பாதிரியார் பெட்டியில் இருக்கும் ஈயத் துண்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மற்றவை கரண்டி வகை. பிரெஞ்சிலும் கரண்டி என்றே பெயர். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் படகில் சாப்பிடும்போது கை தவறி ஒரு கரண்டி ஏரியில் விழ, அது சுழன்றுகொண்டே இறங்கியபோது பெரிய மீன் ஒன்று பாய்ந்து வந்ததாம். காம்பை வெட்டி எறிந்துவிட்டு முள்ளைப் பொருத்தினார் என்பது கதை. கதை எப்படியோ, 1852இல் அவர் காப்புரிமை வாங்கியது உண்மை. பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற ஏழை மீனவர் 1936 வாக்கில் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித் தாளை ஒட்டிப் பொய் மீன் செய்தார். அந்தப் பெயரில் வளர்ந்த நிறுவனம் பிற்பாடு பனி ஏரிக்கென்றே ஒரு வகை கொண்டுவந்தது. அது கரண்டி போலச் செங்குத்தாகத் தொங்காது. மீன் நிற்பது போலவே கிடையாக நிற்கும். தூக்கி விட்டால் வட்டமடித்து மறுபடி நடுவுக்கு வரும்.

நம் ஊரில் இதெல்லாம் இல்லையா என்றால், உண்டு. விரால் பிடிக்கத் தவளையை முள்ளில் கோத்து, நீண்ட மூங்கில் கம்பால் பாசிக்கு நடுவே துள்ள விட்டுத் துள்ள விட்டுப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் தூக்கிப் போடும் வித்தைதான். கணவாய் பிடிக்கிற கடலோரத்து மீனவர்களும் பொய் இரையைத் தண்ணீருக்குள் தூக்கித் தூக்கி ஆட்டுவார்கள். இருப்பதைக் கொண்டு ஏமாற்றும் கலை எல்லாக் கரையிலும் ஒன்றுதான்.

மதராஸுக்கு வந்த ஏரி

உறைந்த ஏரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு நேரடி உறவும் இருந்தது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று நாம் சொல்லும் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் முதல் கப்பல் கல்கத்தா வந்தது. ஏற்றியது 180 டன், வந்து சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். மதராஸ் ஐஸ் ஹவுஸ் 1842இல் எழுந்தது. பிறகு இங்கேயே இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடம் கைமாறி, 1897இல் விவேகானந்தர் தங்கிய வீடானது.

ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர் அந்த ஏரிகளில் ஒன்றான வால்டன் குளத்தின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர். 1854இல் வெளிவந்த அவருடைய 'வால்டன்' நூலில், விடியற்காலையில் பனியில் துளை போட்டு மீன் பிடிக்க வருகிறவர்களும் வருகிறார்கள், பனிக்கட்டி அறுக்க வந்த கூலியாட்களும் வருகிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகும் ஊர்களில் மதராஸ் பெயரும் வருகிறது. ஆக, ஒரே பனிப்பாளத்தில் ஒருவன் துளை போட்டுத் தூண்டில் இறக்கினான், இன்னொருவன் அறுத்து நமக்கு அனுப்பினான். நம் முன்னோர் சர்பத்தில் போட்டுக் குடித்தது அந்த மீன்களின் கூரையை!

குளிர்நாட்டு மீனையும் இங்கே கொண்டுவரப் பார்த்தார்கள். மதராஸ் ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1863இல் நீலகிரிக்கு டிரவுட் மீன் முட்டைகளை வரவழைத்தார். வழியிலேயே செத்துப்போயின. எச்.சி. வில்சன் முயற்சியில் 1907 வாக்கில்தான் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து டிரவுட் வேர் பிடித்தது.

கொடைக்கானல் ஏரியில் பெரும்பாலும் கெண்டை வகை. அடியில் மேயும் மீன். மண்புழுவுக்கும் மைதா உருண்டைக்கும் வரும், மினுக்கும் தகரத்துக்கு மசியாது. அனுமதிச் சீட்டு வாங்கி நானும் பாதிரியாரும் நான்கு ஞாயிறு முயன்று தோற்றோம். பக்கத்தில் மைதா உருண்டையோடு உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுவன் நிறையப் பிடித்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பான். மார்கழியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படியும். பாதிரியார் விடியலில் ஏரிக்கரைக்கு வந்து, ஏரி உறைந்திருக்கிறதா என்று தடியால் தண்ணீரைத் தட்டிப் பார்ப்பார். உறையாது என்று அவருக்கும் தெரியும். 1978இல் நான் மாற்றலாகிக் கிளம்பியபோது பெட்டியை என் கையில் வைத்தார். "முழங்கால் போய்விட்டது. இனி நான் பனியில் நிற்கப் போவதில்லை. உனக்கு மொழி தெரியும், வைத்துக்கொள்" என்றார். இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார் என்று கடிதம் வந்தது.

இரு மலை ஏரியில்

பெட்டி நாற்பது வருஷம் சும்மா கிடந்தது. என் மகள் மொந்திரியாலில் குடியேறினாள். கியூபெக்கில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சு வழிப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். என் பேரன் வீட்டில் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வான். வாயைத் திறந்தால் பிரெஞ்சு. மகளுக்கு இதில் வருத்தம். எனக்கும் உண்டு. ஆனால் விமான நிலையத்தில் நான் அவனோடு பிரெஞ்சில் பேசியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாத்தாவுக்கு இது தெரியுமா என்று அம்மாவிடம் போய்க் கேட்டான். உதவாது என்று நான் நாற்பது வருஷம் பூட்டி வைத்திருந்த மொழி அது.

2019 பிப்ரவரி. மருமகன் எங்களை இரு மலை ஏரி என்று பொருள்படும் பெயருள்ள ஏரிக்கு அழைத்துப் போனார். ஒட்டாவா ஆறு அகன்று ஏரியாகும் இடம். பனி ஒரு முழம் கனம். தெளிந்த கெட்டிப் பனி நான்கு அங்குலம் இருந்தாலே ஆள் நடக்கலாம் என்கிறார்கள். ஆனாலும் என் கால் நம்ப மறுத்தது. துரப்பணத்தைச் சுற்றி ஆறு அங்குலத் துளை போட்டார்கள். கறுப்புத் தண்ணீர் மேலே வந்து நின்றது.

கீழே மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று பேரன் கேட்டான். தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரி வெப்பத்தில். அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வந்து உறையும். ஆகவே ஏரியின் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கும், மீனும் அங்கே தங்கும். ஆனால் குளிரில் அதன் உடம்பு மந்தம். துரத்தி வேட்டையாடத் தெம்பு இராது. பக்கத்தில் வருவதைத்தான் கவ்வும். பனிக்கடியில் பொய் இரையைத் தேர்வதும் ஆட்டுவதும் எல்லாம் இந்த ஓர் உண்மையில் இருந்து வருபவை.

பாதிரியார் சொன்னதையும் அன்று கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் கனம். நேராக அடிவரை இறங்குகிற அளவுக்கு வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பெர்ச் போன்ற சிறு மீனுக்கு இரண்டு முதல் ஏழு கிராம் போதும். பெரிய மீனுக்கும் ஆழமான இடத்துக்கும் பத்துப் பதினைந்து கிராம். அகலமான கரண்டி இறங்கும்போது அலைந்து அலைந்து தூரத்து மீனைக் கூப்பிடும். ஒல்லியானது விரைவாக இறங்கும், ஆனால் கூப்பிடாது. அடுத்து நிறம். தெளிந்த தண்ணீரில் வெள்ளி, கலங்கிய தண்ணீரில் செம்பும் பொன்னும். ஒட்டாவா ஆற்றுத் தண்ணீர் தேயிலை நிறம். அதனால் பாதிரியாரின் செம்புத் துண்டை எடுத்தேன். துருப்பிடித்த முள்ளை மாற்றினோம். முள் கூராக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஆட்டும் முறை இப்படி. தரை தட்டும் வரை இறக்க வேண்டும். ஒரு சாண் மேலே இழுத்து நிறுத்த வேண்டும். அங்கிருந்து ஒரு முழம் தூக்கித் தானாக விழ விட வேண்டும். ஆனால் நரம்பு முழுதும் தொய்யக் கூடாது. தொய்ந்தால் மீன் தொட்டது கைக்குத் தெரியாது. இரண்டு மூன்று முறை இப்படி. மீன் அருகில் வந்த பிறகு பெரிய ஆட்டம் அதை விரட்டும். விரல் நடுங்குகிற அளவுக்கு மட்டும் அசைத்துவிட்டு நிறுத்த வேண்டும். பத்து எண்ணும் வரை சும்மா இருக்க வேண்டும். அதுதான் கடினம்.

பேரனுக்குப் பத்து வயது. ஓயாமல் ஆட்டினான். அரை மணியில் சலித்து, மீன் இல்லை என்றான். அப்போது வெள்ளகவிப் பெரியவர் சொன்னதை முதலில் தமிழில் அப்படியே சொன்னேன். "ஆடுனா மீனு பாக்கும். கை நின்னாத்தான் கவ்வும்." பிறகு பிரெஞ்சில் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டான். செருப்புப் போடாத ஓர் ஊரையும், பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த பாதிரியாரையும், தண்ணீரில் முங்கி இரையை எடுத்துத் தந்தவரையும் பற்றிச் சொன்னேன். கதை கேட்கிற சுவாரசியத்தில் அவன் கை நின்றுபோயிருந்தது. நரம்பு இலேசாகக் கனத்தது. பச்சைப் பட்டை போட்ட பெர்ச், ஒரு சாண் நீளம். செம்புத் துண்டு அதன் வாயில் மின்னியது. அந்தக் குளிரில் வெளியே வைத்திருந்தால் மீனின் கண்ணும் செவுளும் உறைந்துவிடும் என்று மருமகன் அவசரப்படுத்தினார். முள்ளைக் கழற்றி உடனே துளையில் விட்டோம்.

அன்று மாலை வீட்டில் பேரன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னான். பிரெஞ்சில்தான் சொன்னான். நடுவில் ஒரு வரி மட்டும் தமிழில் வந்தது. "கை நின்னாத்தான் கவ்வும்." உச்சரிப்பு கொஞ்சம் பிசகுதான். மகள் அடுப்படியில் இருந்து திரும்பிப் பார்த்தாள்.

செம்புத் துண்டை அவனுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டியில் இருக்கும் ஏழாவது துண்டு, அதற்குப் பதிலாக அவன் தன் உண்டியல் காசில் வாங்கித் தந்தது. வெள்ளகவிப் பெரியவருக்குக் கொடுத்த முள் என்னவாயிற்றோ. அவர் பெயரை அன்று கேட்டு எழுதி வைக்காதது என் தவறு. ஆயிரம் கோப்புகளில் ஆயிரம் பெயர்களை எழுதினேன், எழுத வேண்டிய ஒரு பெயரை விட்டுவிட்டேன். அவர் சொன்ன வாக்கியமாவது இங்கே இருக்கட்டும்.